திருமலையில் (திருகோணமலையில்) கண்ணிமை முடி ஒட்ட நல்ல சலூனை எப்படித் தெரிவு செய்வது?

உவர்மலைத் தங்கச்சி | ஜூலை 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் கடைசியில் எனக்குக் கலியாணம். மண்டபம், கூறை, ஐயர் எல்லாம் சரி. மிச்சம் இருப்பது என் கண். எனக்கு இமை முடி பிறந்ததிலிருந்தே கட்டை, போதாததற்கு நிலத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். மஸ்காரா போட்டால் இந்த வெயிலுக்கு அரை மணித்தியாலத்தில் கன்னத்துக்கு இறங்கி விடும். அதனால் ஒவ்வொரு முடியாக ஒட்டுகிற எக்ஸ்டென்ஷன் செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

மத்திய வீதிப் பக்கம் ஒரு சலூன், என்.சி. வீதியில் ஒன்று, வீட்டில் வைத்துச் செய்கிற ஒரு அக்கா என மூன்று இடம் விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்று பேரின் இன்ஸ்டாவிலும் படங்கள் அழகுதான். விலையில் மட்டும் ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு. மச்சாளோ கொழும்புக்குப் போய்ச் செய் என்று நிற்கிறாள். நீங்கள் சலூன் பெயர் எதுவும் சொல்ல வேண்டாம், பிறகு சண்டை வரும். எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

நிலாவெளிக் காற்று | ஜூலை 3, இரவு 10.25

தங்கச்சி, மலிவு என்று போய் மாட்டியவள் நான். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

மற்ற இடத்தில் கேட்டதில் பாதி விலை. நாற்பது நிமிடத்தில் இரண்டு கண்ணும் முடிந்தது. அந்த நேரமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒட்டும்போது கண் எரிந்தது. “கொஞ்சம் எரியும் அக்கா, பரவாயில்லை” என்று அந்தப் பிள்ளை ஃபானை என் முகத்துக்குத் திருப்பி விட்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு முடியாக ஒட்டவே இல்லை. குச்சமாகக் கட்டி வருகிற கொத்து முடியை, என் நாலைந்து முடிக்குச் சேர்த்துக் கம்மால் அப்பி விட்டிருக்கிறாள். விரலால் தடவினால் காய்ந்த சோற்றுப் பருக்கை போலக் கட்டி கட்டியாக இருந்தது.

நான்காம் நாள் ஒரு கொத்து விழுந்தது. அதோடு என்னுடைய முடி மூன்றும் வேரோடு வந்தது. பொறுக்க முடியாமல் மிச்சத்தை நானே பிய்த்தேன், அதுதான் பெரிய பிழை. இடது கண் ஓரத்தில் ஒரு விரல் நுனி அளவுக்கு வழுக்கை. திரும்ப முளைத்து வர மூன்று மாதம் போல ஆனது.

பாலையூற்று அன்ரி | ஜூலை 4, காலை 6.15

பிள்ளை, எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை. இரவில் படுக்கும் முன் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் தடவிக்கொண்டு படும். இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறதே. சும்மா காசைக் கரியாக்காதேயும்.

ஊசிமுனை | ஜூலை 4, மதியம் 1.50

நான் இந்த வேலை செய்கிறவள், ஆறு வருடமாக. விளம்பரத்துக்கு வரவில்லை, ஆவணி முழுவதும் எனக்கு இடமில்லை. அதனால் மனம் விட்டு எழுதலாம்.

முதலில் அன்ரிக்கு. ஆமணக்கெண்ணெய் தடவினால் இமை முடி மினுங்கும், உலராமல் இருக்கும். ஆனால் அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. எக்ஸ்டென்ஷன் போடப் போகிறவர் எண்ணெயோடு வந்தால் எனக்குத்தான் தலையிடி. எண்ணெய்ப் பசை இருந்தால் கம் பிடிக்காது.

இனித் தங்கச்சிக்கு. படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஒட்டி முடித்த நிமிடத்தில் எடுத்த படத்தில் எல்லா வேலையும் அழகுதான். மூன்று கிழமை கழித்து அதே ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு படம் கேளுங்கள். தரத் தயங்கினால் உங்களுக்கே விளங்கும்.

திருமலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த அறையின் காற்றை. சிரிக்காதீர்கள். இந்தக் கம் சயனோஅக்ரிலேட் வகை. சூப்பர் குளூவின் இனம்தான், கண்ணருகில் பாவிப்பதற்கென்று வேறாகச் செய்தது. தண்ணீர் காய்ந்து இறுகுகிற சாமான் அல்ல இது. காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். ஈரம் கூடினால் முடியில் வைக்கும் முன்பே இறுகிவிடும். ஒட்டியது போல இருக்கும், இரண்டு நாளில் கழன்று விழும். ஈரம் குறைந்தால் இறுகாமல் நின்று பக்கத்து முடிகளையும் இழுத்து ஒட்டும், ஆவியும் அதிக நேரம் கண்ணைச் சுற்றி நிற்கும். பெரும்பாலான கம் போத்தல்களில் ஈரப்பதம் 45 இலிருந்து 60 வீதம், வெப்பம் 20 இலிருந்து 24 பாகை வரை என்று போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் மார்கழி மழையில் ஜன்னலைத் திறந்தால் 80 க்கு மேல் போகும். இப்போது கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற நேரம், பகலில் வெளியே அவ்வளவு ஈரமில்லை. ஏசியையும் கூட்டி வைத்தால் 40 க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே சுவரில் ஈரமானி தொங்குகிறதா என்று பாருங்கள், உள்ளங்கை அளவு சின்னச் சாமான். அது இருக்கிற இடத்தில் வேலை செய்கிறவருக்குத் தன் கம்மின் குணம் தெரியும். இல்லாத இடத்தில் அதிர்ஷ்டம்தான்.

பிறகு கரண்ட். ஒரு கண் முடிந்து மற்றக் கண்ணில் பாதி நிற்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

என்ன கம், எப்போது திறந்தீர்கள் என்றும் கேட்கலாம். திறந்த போத்தலை நான் நாலு கிழமை தாண்டினால் எறிந்து விடுவேன். சிலர் ஆறு, எட்டுக் கிழமை வைத்திருப்பார்கள். துளி விட்டு வைக்கிற கல்லில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை புதுத் துளி விட வேண்டும். ஒரே துளியில் முழுக் கண்ணையும் ஒட்டி முடிக்கிறவர் கையில் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

நிலாவெளி அக்காவுக்கு நடந்தது ஏன் என்றால், எங்கள் இமை முடிகள் எல்லாம் ஒரே வயது அல்ல. ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும், ஒன்று விழ நிற்கும், ஒன்று இப்போதுதான் முளைக்கும். மேல்மடலில் நூறுக்கு மேல் முடி உண்டு, நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தானாக விழுவது வழமை. ஐந்தாறு முடியை ஒன்றாக ஒட்டினால் விழ வேண்டியது விழ முடியாமல் தொங்கும், வளர வேண்டியதையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் ஒரு கையில் பிடிக்கிற இடுக்கியால் ஒரே ஒரு முடியைப் பிரித்து வைத்துக்கொண்டு, மற்றக் கை இடுக்கியால் அதில் மட்டும் ஒட்ட வேண்டும். மடலின் தோலில் கம் படக்கூடாது, அரை மில்லிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். இப்படிச் செய்தால், ஒரு முடிக்கு ஒன்று ஒட்டுகிற சாதாரண கிளாசிக்குக்கே ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் போகும். ஒரு முடியில் பல மெல்லிய முடி வைக்கிற வொலியூம் என்றால் இன்னும் கூட. நாற்பது நிமிடத்தில் முடித்தேன் என்பது பெருமைக்குரிய விடயம் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகிற எல்லோருக்கும் “ஓம், செய்யலாம்” என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். கண் சிவந்து வந்தவர், கண்மடலில் பொடுகு போலச் செதில் இருந்தவர், அண்மையில் கண்ணில் லேசர் செய்தவர் எல்லோரையும் நான் திருப்பி அனுப்புகிறேன். போன மாதம் சாமத்திய வீட்டுக்கென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தாய்க்கு என்னில் கோபம், இன்னும் கதைப்பதில்லை. இருக்கட்டும்.

படம் எடுக்கிறவன் | ஜூலை 4, மாலை 5.05

பெண்கள் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். கலியாணப் படம் எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மிக அடர்த்தியாக, மிக நீளமாக ஒட்டி வருகிறவர்களுக்கு மேலிருந்து லைட் அடித்தால் இமையின் நிழல் கண்ணுக்குள் விழும். கண் கறுப்பாகக் குழி விழுந்தது போல வரும். தாலி கட்டும்போது பொம்பிளை கீழே பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அந்தப் படத்தில் தெரிவது கண் இல்லை, இமையின் அடி வரிசை. கம் கட்டி கட்டியாக நின்றால் பெரிய திரையில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றாக அழிக்க எனக்கு ஒரு இரவு போகும்.

உவர்மலைத் தங்கச்சி | ஜூலை 4, இரவு 8.30

ஊசிமுனை அக்கா, மிகவும் நன்றி. ஆவணியில் இடமில்லை என்று வாசித்ததும்தான் மனம் உடைந்தது.

இரண்டு கேள்வி. ஒன்று, சி, சிசி, டி என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள், பட்டு என்றும் மிங்க் என்றும் சொல்கிறார்கள். என்ன அது? மற்றது, கலியாணத்துக்கு எத்தனை நாளுக்கு முன் போட வேண்டும்? எங்கள் வீட்டில் பாலறுகு வைத்து முழுக வார்க்கிறவர்கள் ஒரு பட்டாளம் இருக்கிறார்கள். பெரிய மாமி ஒரு செம்பு பாலைத் தலையில் கவிழ்த்தால்தான் திருப்திப்படுவா.

ஊசிமுனை | ஜூலை 4, இரவு 11.10

எழுத்து என்பது வளைவு. ஜே என்றால் கிட்டத்தட்ட நேர், பி கொஞ்சம், சி நல்ல வளைவு, டி இன்னும் தூக்கலாக நிற்கும், சிசி அந்த இரண்டுக்கும் நடுவில். உங்களுடையது கீழே பார்க்கிற முடி என்கிறீர்கள். அதற்கு ஜே, பி போட்டால் தெரியாது. டி போட்டால் ஒட்டுகிற இடம் குறைந்து கெதியில் விழும். சி அல்லது சிசி கேளுங்கள். பட்டு, மிங்க் (ஒரு விலங்கின் உரோமம்) எல்லாம் பெரும்பாலும் பெயர் மட்டும்தான். அனேகமானவை பிபிடி என்கிற பிளாஸ்டிக் நூல். மிங்க் என்று சொல்லிக் கூடக் காசு கேட்டால் கொஞ்சம் சிரியுங்கள்.

நீளம் உங்கள் சொந்த முடியை விட இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போக விட வேண்டாம். தடிப்பு கிளாசிக்குக்கு 0.15 அல்லது 0.12 மில்லிமீற்றர். மெல்லிய முடிக்கு 0.12 போதும். வொலியூமுக்குப் பாவிக்கிற முடி 0.03 இலிருந்து 0.07 வரை மெல்லியது, மூன்று நான்கை விசிறி போல விரித்து ஒரு முடியில் வைப்போம். பாரம் கூடினால் வேர் தாங்காது. நாளடைவில் அந்த இடத்தில் முடி முளைப்பதே குறையும்.

நாள் கணக்கு இப்படி. குறைந்தது ஒரு மாதம் முன்னதாகப் போய் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். கண் ஓரத்தில் நாலைந்து முடி மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். இரண்டு நாள் பார்க்க வேண்டும். சொறியாவிட்டால், வீங்காவிட்டால் சரி. கலியாணத்துக்கு மூன்று நாள் முன் முழுதாக ஒட்டுங்கள். முதல் நாள் வேண்டாம், ஏதாவது பிசகினால் திருத்த நேரம் இருக்காது. இரண்டு கிழமைக்கு முன்னும் வேண்டாம், அதற்குள் விழத் தொடங்கிவிடும்.

பெரிய மாமியின் பால் பிரச்சினை இல்லை. ஒட்டிய அன்று முழுக்க நனைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், மூன்றாம் நாள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கம் இறுகிவிட்டிருக்கும். ஆனால் பாலில் கொழுப்பு இருக்கிறது. முழுகி முடிந்ததும் இமையைக் கழுவ வேண்டும். எண்ணெய் வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் உச்சியோடு நிற்பாட்டச் சொல்லுங்கள். நெற்றியால் வழிந்து கண்ணுக்கு வந்தால் அடுத்த நாள் என்னைத் திட்டக்கூடாது.

வெள்ளைச் சப்பாத்து | ஜூலை 5, காலை 7.20

இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். கண் வார்ட்டில் வேலை செய்த தாதி நான். போடுங்கள், போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒட்டிக்கொண்டு வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒட்டிய அன்று கண் சிவந்து, கண்ணீர் வந்து, அடுத்த நாள் காலையில் தெளிந்தால் அது பெரும்பாலும் கம் ஆவியின் எரிச்சல். கண்ணைச் சரியாக மூடாமல் இருந்தாலும் வரும். ஆனால் சில மணித்தியாலத்திலோ அடுத்த நாளோ இரண்டு மடலும் வீங்கி, தாங்க முடியாமல் சொறிந்தால் அது ஒவ்வாமை. இதற்குச் சென்சிட்டிவ் கம் என்று மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். அதுவும் சயனோஅக்ரிலேட்தான், ஆவி குறைவு, இறுக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தடவை கூடுதலாகத்தான் வரும். கழற்றிவிட்டு அதோடு விட்டுவிட வேண்டும்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கம் கண்ணுக்குள் போனது, இவற்றில் எது வந்தாலும் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒட்டிப் பிடித்த கண்ணைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம். பாமசியில் போய் “கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து தாங்கோ” என்று வாங்குகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இருக்கிறது. அதில் ஸ்டீரொயிட் கலந்தது இருந்தால் உடனே குளிர்ந்தது போலிருக்கும், உள்ளே கிருமி இருந்தால் கூட்டிவிடும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தமும் ஏறும்.

நாங்கள் அதிகமாகக் காண்பது கழுவாமல் விட்ட கண்கள். தண்ணீர் பட்டால் விழுந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு கிழமை கழுவாமல் இருப்பார்கள். இமை அடியில் எண்ணெய், தூசு, செத்த தோல் எல்லாம் சேர்ந்து மடல் சிவந்து தடித்துவிடும். காலையில் கண் ஒட்டிக் கிடக்கும். இமைச் சிற்றுண்ணி என்று ஒன்று எல்லோரின் வேர்க்காலிலும் கொஞ்சம் உண்டு, அழுக்கில் அது பெருகும். படிக்கவே அருவருப்பாக இருக்கிறதா? அப்படியானால் கழுவுங்கள்.

கிண்ணியாப் பாலம் | ஜூலை 5, மதியம் 12.40

அஸ்ஸலாமு அலைக்கும் அக்காமார். எனக்கும் ஆசை இருந்தது. தொழுகைக்கு முன் கழுவுகிற வுழூ செய்யும்போது முகத்தில் எல்லா இடமும் நனைய வேண்டும், கம் இருக்கிற இடத்தில் தண்ணீர் போகாதே என்று தயக்கம். எங்கள் பகுதி மௌலவியிடம் உம்மா கேட்டா, கூடாது என்றார். பிறகு லிஃப்ட் செய்தேன். சொந்த முடியைச் சிலிக்கன் துண்டில் வளைத்து வைத்து, தலைமுடியைச் சுருட்டுகிற மருந்து போல ஒன்று பூசி நிமிர்த்துகிறார்கள். ஒரு மணித்தியாலம்தான். எதுவும் ஒட்டியிருக்காது. ஏழு கிழமை நின்றது. இதற்கும் முன்பே பரிசோதனை செய்தார்கள். மருந்தை அதிக நேரம் விட்டால் முடி பொசுங்கிச் சுருளும் என்பதால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே செய்கிறவரிடம் போகவும். கழற்றுகிற வேலையும் இல்லை.

உவர்மலைத் தங்கச்சி | ஜூலை 20, இரவு 9.15

மூன்று இடத்துக்கும் போனேன். சும்மா ஆலோசனை கேட்க என்று சொல்லித்தான்.

முதல் இடம் ஏசி, கண்ணாடிக் கதவு, கோப்பியெல்லாம் தந்தார்கள். ஈரமானி எங்கே என்று கேட்டேன், அந்தப் பிள்ளை தண்ணீர்க் கூலரைக் காட்டினாள். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. பார்த்தால் அது பொது அழகுக்கலைக்கானது. இமை வேலை தனியாக எங்கே பழகினீர்கள் என்றதற்கு “யூடியூப்பிலும் பார்த்தோம்” என்று நேர்மையாகச் சொன்னாள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

இரண்டாம் இடத்தில் எல்லாம் சரிதான். பரிசோதனை தேவையில்லை, இருபது வருடமாக யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை என்றார் அந்த அம்மா. சலூன் இருபது வருடமாக இருக்கலாம். இமை வேலை திருமலைக்கு வந்து அவ்வளவு காலமா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன், வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வீட்டில் செய்கிற அக்கா. ஒரு சின்ன அறை, தரையில் ஒரு முடி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரமானி 52 காட்டியது. இடுக்கிகளை மூடி போட்ட தட்டில் கிருமிநாசினியில் ஊற வைத்திருந்தா. ஒருவருக்குப் பாவித்த தூரிகையை என் முன்னாலேயே குப்பையில் போட்டா. என் இமையை லைட் போட்ட உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, “இன்று பரிசோதனையும் செய்ய மாட்டேன் தங்கச்சி, வலது மடலில் சின்னக் கட்டி ஒன்று வருகிறது, ஆறிய பிறகு வாரும்” என்று அனுப்பிவிட்டா. எனக்கே தெரியாது. இரண்டு நாளில் பெரிய கண்கட்டி ஆகிவிட்டது.

அவவிடம்தான் போகப் போகிறேன். விலை நடுவில் இருந்தது.

நிலாவெளிக் காற்று | ஜூலை 20, இரவு 9.50

சரி, அப்படியானால் பராமரிப்புக்கு என் பங்கு. அந்தக் கூத்துக்குப் பிறகு நல்ல இடத்தில் இரண்டு தடவை போட்டேன், அதில் பழகியது.

கச்சான் காலத்தில் டொக்யார்ட் வீதியால் ஸ்கூட்டி ஓடி வந்தால் இமையில் மண் அப்பிக்கொள்ளும். கெல்மட் கண்ணாடியை இறக்கி விட்டு ஓடுங்கள். வந்ததும் கண்ணைத் தேய்க்காமல் கழுவுங்கள்.

கடல் குளிக்கலாம். உப்புத் தண்ணீர் கம்மை அவ்வளவு கெடுப்பதில்லை, ஆனால் காய்ந்து உப்புப் பூத்தால் முடி விறைத்து ஒன்றோடொன்று சிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர். புறாமலைத் தீவுக்குப் போய்ச் சுழியோடுகிறவர்கள் கண்ணாடி முகமூடி இமையில் முட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு முட்டியது, ஒரே நாளில் நடு வரிசை எல்லாம் கோணி நின்றது. சன் கிரீமும் எண்ணெய்தான், வியர்வையோடு கண்ணுக்கு வழியும்.

கோயிலில்தான் நான் மறந்து போனேன். கோணேஸ்வரத்தில் தீபம் காட்டி வந்தால் கை தானாக எழும்பித் தொட்டுக் கண்ணில் ஒற்றும். பிறந்ததிலிருந்து பழகிய கை. ஒரு வெள்ளிக்கிழமையில் மூன்று முடி உள்ளங்கையில் வந்தது. இப்போது நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன், கோணேசர் கோபிக்க மாட்டார்.

ஊசிமுனை | ஜூலை 21, காலை 10.00

நிலாவெளி அக்கா சொன்னதோடு சமையலறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது பிளாஸ்டிக் நூல். விறகடுப்பைக் குனிந்து ஊதினாலோ, கேக் போறணையின் கதவைத் திறந்து முகத்தை நீட்டினாலோ நுனி பொசுங்கிச் சுருண்டுவிடும். அதற்கு மருந்து இல்லை.

கழுவுகிற விதம் சொல்லித் தருகிறேன், இதைத்தான் யாரும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. எண்ணெய் இல்லாத, நுரை வருகிற இமை ஷாம்பு வேண்டும். நுரையை மெல்லிய தூரிகையில் எடுத்து, கண்ணை மூடி, இமை அடியில் இடமிருந்து வலமாக அல்லாமல் மேலிருந்து கீழாக, முடி வளர்கிற திசையில் மெதுவாக ஓட்டுங்கள். அடியில்தான் அழுக்கு நிற்கும், நுனியில் அல்ல. பிறகு போத்தல் தண்ணீரை நெற்றியில் இருந்து வழிய விடுங்கள், பைப்பை நேரே கண்ணில் பிடிக்க வேண்டாம். துவாயால் ஒற்றாதீர்கள், அதன் நூலில் முடி சிக்கும். பேப்பர் துண்டு ஒன்றை மடலின் கீழ் பிடித்தால் தண்ணீர் இறங்கிவிடும். காய்ந்த பிறகு சுருள் தூரிகையால் நுனியிலிருந்து சீவுங்கள். ஈரத்தில் சீவ வேண்டாம். நாளுக்கு ஒரு தடவை, மேக்கப் போட்டால் இரவில் கட்டாயம்.

தண்ணீர்ப்புகா மஸ்காரா, எண்ணெய் கலந்த மேக்கப் கழற்றி, கண் மை மூன்றும் வேண்டாம். குப்புறப் படுக்க வேண்டாம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். வேண்டாம் என்றால் போட்டவரிடமே போய்க் கழற்றுங்கள். கிரீம் பூசிப் பத்து நிமிடம் வைத்தால் வலியில்லாமல் வழுக்கி வரும்.

இணையத்தில் இமை வளர்க்கிற சீரம் என்று விற்கிறார்கள். சிலவற்றில் கண் அழுத்தத்துக்குப் போடுகிற மருந்தின் இனம் இருக்கும். முடி உண்மையாகவே வளரும், மடலின் தோல் கறுத்துவிடவும் கூடும். மூலப்பொருட் பட்டியலை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

உவர்மலைத் தங்கச்சி | செப்டெம்பர் 19, மாலை 6.45

கலியாணம் நல்லபடி முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சி வளைவு, 0.12, ஓரத்தில் 11 நடுவில் 10 மில்லிமீற்றர். இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம் கண் மூடிக் கிடந்தேன். கீழ் இமைக்கு ஜெல் பட்டி ஒட்டினா, குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது, அதற்குச் சிரித்ததற்கு ஏச்சு வாங்கினேன். எரியவில்லை.

பெரிய மாமி பாலை நான் சொன்னபடி உச்சியில்தான் விட்டா. ஆனால் பாலுக்கு உச்சி, நெற்றி என்ற வித்தியாசம் தெரியாதே. முழுகிய கையோடு அறைக்குள் ஓடி நுரை போட்டுக் கழுவினேன், வெளியே ஐயர் நேரம் போகுது என்று சத்தம். ஓமப்புகைக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து வந்ததும் சேர்த்து. ஒரு முடி அசையவில்லை.

நான் வலப்பக்கம் சரிந்து படுப்பவள். மூன்று கிழமையில் இடது கண்ணில் பாதிக்கு மேல் நிற்கிறது, வலது ஓரம் பல்லுப் போன சீப்பு மாதிரி. நிரப்பவில்லை. நாளைக்குக் கழற்றப் போகிறேன்.

படம் எடுக்கிறவன் அண்ணா, தாலி கட்டுகிற படம் வந்தது. கம் கட்டி இல்லை.

பாலையூற்று அன்ரி | செப்டெம்பர் 20, காலை 6.05

வாழ்த்துகள் பிள்ளை. நல்லாய் இரும். எங்கள் மூத்தவளுக்குத் தை மாதம் பொருந்தி வந்திருக்கிறது. அந்த வீட்டு அக்காவின் நம்பரை உள்பெட்டியில் போட்டுவிடும். எனக்காகக் கேட்கவில்லை, அவள் நிற்கிறாள் என்று கேட்கிறேன்.

ஊசிமுனை | செப்டெம்பர் 20, காலை 9.30

அன்ரி, தை என்றால் மழை ஈரம் இன்னும் விட்டிருக்காது. ஈரம் உறிஞ்சுகிற மெஷின் இருக்கிறதா என்று அந்த அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழி நடுவில் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு மட்டும் பிள்ளையின் கண்ணில் ஆமணக்கெண்ணெய் வேண்டாம்.